சேலை சுற்றிய மான்

காதுக்கு மிஷின் வைத்துக்கொள்ளத்தான் அந்தக் கோடையில் நகரியிலிருந்து திருப்பதிக்குப் போனேன். வாலிப வயதிலிருந்து விசைத்தறிகளுக்கு நடுவிலேயே நின்றவன் நான். தறிச்சத்தம் மெல்லிய ஒலிகளைத்தான் முதலில் எடுத்துக்கொண்டு போகும். குருவிகள் போயின. கொலுசுச் சத்தம் போயிற்று. கடைசியில் பேரன் பேசுவதும் காதில் விழாமல் போனபோது வீட்டில் எல்லோரும் ஒன்றுகூடி என்னை மகளிடம் அனுப்பிவைத்தார்கள்.

மகள் கால்நடை டாக்டர். திருப்பதியில் வேலை, அங்கேயே வாடகை வீடு. மருமகன் காலையில் ஸ்ரீசிட்டிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். காதுக்கு அளவெடுத்து, மிஷினை மாட்டி, அது போடும் கீச்சுச் சத்தத்தோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், மகள் போனை என் முன்னால் நீட்டினாள்.

"இத பாரு நைனா."

வீடியோவில் ஒரு மாந்தோப்பு. மரத்தடியில் கொம்புள்ள புள்ளிமான் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதன் தலையில் சிவப்பாக ஏதோ இருந்தது. உற்றுப் பார்த்தால் சேலை. கொம்புகளில் சிக்கி, கழுத்தை ஒரு சுற்றுச் சுற்றி, இடது விலாவில் தொங்கி, மீதி தரையில் இழுபட்டது. மான் நடந்தபோது முந்தானை பின்னால் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காத. மூஞ்சிய பாரு."

பார்த்தேன். சேலையைக் கட்டியிருந்த நைலான் கயிறு மானின் வாயைச் சுற்றி இறுகியிருந்தது. கீழே அழுகிய மாம்பழத்தை அது நாக்கு நுனியால் நக்கிக்கொண்டிருந்தது. கடிக்க முடியவில்லை. விலா எலும்புகள் எண்ணும்படி தெரிந்தன.

எங்கள் பக்கமெல்லாம் காட்டுப்பன்றிக்குப் பயந்து வேர்க்கடலைக் கொல்லையைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டுவது வழக்கம். ராத்திரி காற்றில் ஆடினால் ஆள் நிற்பதுபோல இருக்கும். அப்படி ஒரு வேலியில் கொம்பை விட்டிருக்கிறது, பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கிறது.

"புடிச்சி அவுத்து வுட வேண்டியதுதானே?" என்றேன்.

"புடிக்கப் போயிதான் கெட்டுது. ஊர்க்காரங்க வலைய எடுத்துக்கினு தொரத்தி இருக்காங்க. மானு மாடு மாதிரி இல்ல நைனா. தொரத்தினா ஒடம்பு கொதிச்சிடும். புடிபட்ட பயத்துலயே செத்துடும். மயக்க ஊசிதான் போடணும். அதுவும் அது தானா நிக்கும்போது."

ரேஞ்சரிடம் அனுமதி வாங்கிவிட்டாள். ஊசியை ஊதிச் செலுத்த ஆளுயரக் குழல் ஒன்று அவளிடம் இருந்தது. இல்லாதது உதவிக்கு ஆள். கூட வருகிறவர் தங்கை கல்யாணத்துக்கு மதனப்பள்ளி போய்விட்டார். காட்டிலாகா வாட்சர் ஒருவர் வருவார், ஆனால் அவர் பாதையில் நின்று ஊர்ச்சனத்தைத் தடுக்கவேண்டும்.

"போன் நோண்டாம ஒக்கார்ற ஆளு ஒருத்தர் போதும்" என்றாள்.

"நான் வரேன்."

அவள் சிரித்தாள். "நீ மெதுவா பேசினாலே ரேணிகுண்டா ஸ்டேஷன்ல கேக்கும்."

அது உண்மைதான். தறிக்காரன் எவனும் மெதுவாகப் பேச மாட்டான். கையை நீட்டி முஷ்டியை மூடிக் காட்டினேன்.

தறிக்கொட்டகையில் வாயால் பேசிப் பிரயோசனம் இல்லை. எல்லாம் கைதான். மூடிய முஷ்டி என்றால் நிறுத்து. விரித்த உள்ளங்கையை இரண்டு தட்டுத் தட்டினால் ஓடட்டும், கையை வைக்காதே. விரலைச் சுழற்றினால் நூல் தீரப்போகிறது, தயாராக இரு. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கொட்டகை மூலையில்தான் வீட்டுப்பாடம் எழுதுவாள். அத்தனையும் அவளுக்குத் தெரியும். என் முஷ்டியைப் பார்த்தாள்.

"விடியறதுக்கு முன்ன கிளம்பணும்" என்றாள்.

தோப்பு கரகம்பாடி பக்கம், மலையை ஒட்டி. எல்லாம் பெங்களூரா மாமரங்கள், மாங்கூழ் ஆலைக்குப் போகிற காய். குத்தகைக்கு எடுத்தவர் புத்தூர்க்காரர், தமிழ் பேசுகிற நம் ஆள். அடுத்த வாரம் அறுப்புக்கு ஆள் இறங்குவதாக முதலிலேயே சொல்லிவிட்டார்.

"அதுக்கு அப்புறம் லாரியும் சத்தமுமா இருக்கும் டாக்டரம்மா. மானும் வராது, மயிலும் வராது. அதுக்குள்ள முடிச்சிக்கோங்க."

காய் நிரப்பும் பிளாஸ்டிக் கூடைகளை அவர் மரத்தடியில் அடுக்கியிருந்தார். அந்த அடுக்கின் பின்னால் நாங்கள் உட்கார்ந்தோம். காது மிஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சும்மா இருக்கும்போது அது கீச்சிட்டு வேறு வினை வேண்டாம்.

முதலில் சில விடியல்கள் வீணாகப் போயின. ஒருநாள் மயில்கள் மட்டும் வந்தன. இன்னொருநாள் மான்கூட்டம் தோப்பு ஓரம்வரை வந்தது, எங்கிருந்தோ இரண்டு நாய்கள் பாய்ந்து வந்தன, கூட்டம் மலை ஏறிவிட்டது. கொசு கடித்தது. என் முழங்கால் மரத்துப்போயிற்று. மகள் குழலை மடியில் வைத்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தாள். வீட்டில் ஒரு இடத்தில் நிற்காத பெண். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

பிறகு ஒரு காலை அது வந்தது. முதலில் நான்கைந்து பெட்டைகள், ஒரு குட்டி. கடைசியாக, வெகுவாகப் பின்தங்கி, சேலையை இழுத்துக்கொண்டு அது. மற்றவை பழத்தைக் கடித்து மென்றன. அது அவற்றின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றதுபோல எனக்குத் தோன்றியது. பிறகு தலையைக் குனிந்து நக்கத் தொடங்கியது.

மகள் குழலை உயர்த்தினாள். கன்னம் உப்பியது. அதே நொடியில் காற்று அடித்துச் சேலை எழும்பியது. ஊசி துணியில் குத்தி நின்றுகொண்டது. ஊசியின் வாலில் இருந்த நூல் குஞ்சத்தோடு மான் நாலு துள்ளலில் மறைந்தது.

மகள் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. எழுந்து அது போன வழியே நடந்தாள். மருந்து நிறைந்த ஊசி, எவர் காலிலாவது குத்தினால் ஆளே போய்விடுவான். அவளும் நானும் வாட்சரும் தரையைக் குச்சியால் துழாவிக்கொண்டே தேடினோம். வெயில் உச்சிக்கு வந்தபோது ஒரு சப்பாத்திக்கள்ளியின் அடியில் கிடைத்தது. வாட்சர் தெலுங்குக்காரர், நல்ல மனிதர். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வதிலேயண்டி மேடம்" என்றார். விட்டுவிடுங்கள் என்று. அவள் ஊசியைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். நான் தட்டை நகர்த்தி வைத்தேன்.

"போன வருஷம் ஒண்ணு என் கைலயே செத்துது நைனா" என்றாள். "நாய் தொரத்தி, காவாயில வுழுந்த பெட்ட மானு. மயக்க மருந்து சரியாத்தான் குடுத்தேன். மருந்து எறங்கறதுக்கு முன்ன நாலு பேரு ஓடிப்போயி அமுக்கிட்டாங்க. எழுந்திரிக்கவே இல்ல. தலைய மடியில வெச்சிக்கினு மத்தியானம் வரைக்கும் ஒக்காந்திருந்தேன்."

"இது எழுந்துக்கும்."

"உனக்கு இன்னா தெரியும்?"

"எதுவும் தெரியாது. நாளைக்கும் போவோம்."

எனக்கு ஒரு குணம் உண்டு. இழை அறுந்துபோனால் அதன் நுனியைக் கண்டுபிடித்து முடிச்சுப் போடாமல் தறியைவிட்டு நகரமாட்டேன். முதலாளி திட்டினாலும் நகரமாட்டேன். அந்தக் குணம் என் மற்ற பிள்ளைகளுக்கு வரவில்லை, இவளுக்கு வந்திருக்கிறது. அவள் தட்டை இழுத்துக்கொண்டாள். தின்றுகொண்டே இருவரும் யோசித்தோம். சேலை தொங்குவது இடதுபக்கம். ஊசி வலது தொடையில் இறங்கவேண்டும். அவள் இருக்கும் இடத்திலிருந்து மரங்கள் மறைக்கின்றன. இருவரும் சேர்ந்து உட்காராமல், நான் மலைக்கு எதிர்ப்பக்கம், மானுக்குப் பின்னால், பம்ப்செட் அறையில் இருந்தால், அது திரும்புவதும் துணி விலகுவதும் எனக்குத் தெரியும். உள்ளங்கையைத் தட்டினால் அவள் பொறுக்கவேண்டும், முஷ்டியை மூடினால் மானை நிறுத்த ஊதலாம்.

"பழத்தையும் நறுக்கிப் போடுவோம்" என்றாள். "சின்னதா. நாக்குல ஒட்டிக்கிற மாதிரி. ஒரே எடத்துல நிக்கும்."

மறுநாள் மழை. அதற்கடுத்த நாள் போனோம். அதற்கும் மறுநாள் அறுப்புக்கு ஆள் வருகிறார்கள் என்று குத்தகைக்காரர் சொல்லியிருந்தார். இரண்டு கூடை கனிந்த பழங்களை நானே தோல் சீவித் துண்டு துண்டாக்கினேன். மலைப்பக்கத்தைப் பார்த்துத் தின்றால் வலதுபக்கம் அவளுக்குக் கிடைக்கும்படி ஒரு மரத்தடியில் பரப்பிவைத்தோம். பிறகு அவள் கூடைகளுக்குப் பின்னால் போனாள். நான் பம்ப்செட் அறைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு உள்ளே நின்றேன்.

மண் ஈரமாக இருந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. கண் மட்டும்தான். மலையின் விளிம்பு வெளுத்தது, மரங்கள் ஒவ்வொன்றாகத் தனித்தனியே தெரிந்தன. மழையில் நனைந்த சேலை மானின் உடம்போடு ஒட்டியிருந்ததால் அது பக்கத்தில் வரும்வரை நான் பார்க்கவே இல்லை. முந்தைய நாட்களைவிடத் தள்ளாடியது. நேராக நறுக்கிய பழத்துக்கு வந்து, ஒரு துண்டை நாக்கில் ஒட்டி உள்ளே இழுத்தது. கண்ணை மூடித் திறந்தது.

வலப்பக்கம் மகளின் முழங்கையும் குழலின் நுனியும் தெரிந்தன. நான் உள்ளங்கையை விரித்துத் தட்டினேன். ஓடட்டும். மான் ஒரு அடி நகர்ந்தது. ஒரு பெட்டை நடுவில் வந்து நின்றது. மறுபடி தட்டினேன். கை நடுங்கியதால் மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். பெட்டை விலகியது. கொம்புக்காரன் திரும்பி, தொடை முழுதும் வெளிச்சத்தில் வந்தது. துணி அந்தப்பக்கம். முஷ்டியை மூடினேன்.

தொடையில் நூல் குஞ்சம் பூப்போல நின்றது. மான் துள்ளியது, சுற்றிப் பார்த்தது, மலைப்பக்கம் ஓடியது.

பாதையிலிருந்த வாட்சர் அதன் பின்னால் ஓட எழுந்தார். மகள் வெளியே வந்து அவரைப் பார்த்து முஷ்டியை உயர்த்தினாள். அவருக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனாலும் நின்றுவிட்டார். எனக்கும் கால் பரபரத்தது. வேட்டையில் மிகக் கஷ்டமான வேலை அந்தச் சும்மா நிற்பதுதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒருவழியாகத் தலையசைத்தாள்.

ஈரமண்ணில் குளம்புத் தடங்களும், அவற்றின் மேல் சேலை இழுபட்ட கோடும் தெளிவாக இருந்தன. தடம் ஒரு வறண்ட ஓடைக்குள் இறங்கியது. அங்கே உண்ணிச்செடிப் புதர்கள் மண்டிக்கிடந்தன. ஒரு முள்ளில் சிவப்புத் துணிக்கிழிசல். அதற்கு அப்பால், மணலில், கால்களை மடக்கி மான் உட்கார்ந்திருந்தது. மயக்கம் முழுதாக இறங்கவில்லை. தலையைத் தூக்குவதும் தொய்வதுமாக இருந்தது.

மகள் சைகையால் என்னைப் பின்பக்கம் போகச் சொன்னாள். என் தோள்துண்டை வாங்கிக்கொண்டாள். நான் பின்னாலிருந்து இரண்டு கொம்புகளையும் அடியில் பிடித்தேன். உடனே அவள் துண்டால் கண்ணைக் கட்டிவிட்டாள். மான் ஒருமுறை உதறியது. கொம்பின் கிளை ஒன்று என் தொடையைக் கிழித்தது. வலித்தது, ஆனால் கையை எடுக்கவில்லை. எடுத்தால் அது ஓடும், ஓடினால் சாகும், அவ்வளவுதான் என் மூளையில் இருந்தது. பிறகு அதன் கழுத்து என் மார்பின்மேல் பாரமாகச் சாய்ந்தது. அந்த உடம்புச் சூடு சட்டையைத் தாண்டி வந்தது.

சேலையை வெட்டுவது சுலபமாக இல்லை. வெயிலிலும் மழையிலும் முறுகிக் கயிறாகியிருந்தது. கத்தரிக்கோலை வைத்து மகள் பல்லைக் கடித்து வெட்டினாள். கொம்பிலிருந்து அவிழ்த்து, கழுத்திலிருந்து அவிழ்த்து, கடைசியில் வாய்க்கு வந்தாள். நைலான் கயிறு தோலை அறுத்து உள்ளே போயிருந்தது. புண்ணில் புழு. அவள் கயிற்றை ஒரு இடத்தில் நறுக்கி, தோலோடு வராதபடி கொஞ்சம் கொஞ்சமாக உரித்தாள். புழுக்களை எடுத்து, கழுவி, மருந்து போட்டாள். வாட்சர் தோப்பிலிருந்து தூக்கிவந்த குடத்துத் தண்ணீரை மானின் உடம்பில் ஊற்றிக்கொண்டே இருந்தார். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. எனக்குக் கேட்கவில்லை. மானிடம் பேசியிருப்பாள்.

மயக்கம் தெளிய மாற்று ஊசியை நரம்பில் போட்டாள். துண்டை அவிழ்த்தாள். எல்லோரும் தூரப் போங்கள் என்று கையை வீசினாள். போனோம்.

மான் எழவில்லை.

காத்திருந்தோம். அதன் தலை மெல்ல ஒருபக்கம் சரிந்து மணலில் பட்டது. வயிறு உப்பத் தொடங்கியது. மகளின் முகத்தை நான் பார்த்தேன். போன வருஷம் அந்தப் பெட்டை மான் செத்தபோதும் இதே முகம்தான் இருந்திருக்கவேண்டும். வாட்சர் தொப்பியைக் கழற்றிவிட்டார். அவள் ஓடிப்போய் மானை நெஞ்சின்மேல் நிமிர்த்தப் பார்த்தாள். தனியாக முடியவில்லை. நான் போய் முதுகுப்பக்கம் உட்கார்ந்து, என் இரண்டு முழங்காலையும் அண்டக்கொடுத்தேன். அது நிமிர்ந்தது. தாடைக்கு அடியில் கையைக் கொடுத்துத் தலையைத் தூக்கிப் பிடித்தேன்.

மகள் என் முகத்துக்கு நேரே வந்து, நான் உதட்டைப் படிக்கும்படி சொன்னாள். "திடீர்னு எழுந்துக்கினா கொம்பு வயித்துல பாயும். நீ எழுந்து போ நைனா. நான் புடிச்சிக்கிறேன்."

"மாட்டேன்."

"சொன்னா கேளு."

"நீ மருந்த பாரு. நான் வுடமாட்டேன்."

சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன். அவள் வாதாடவில்லை. இன்னும் கொஞ்சம் மருந்து ஏற்றினாள், வயிற்றைத் தேய்த்தாள். வயிறு ஒரு ஏப்பம்போல அதிர்ந்து இறங்கியது என் காலுக்குத் தெரிந்தது. மானின் மூச்சு என் உள்ளங்கையில் விட்டுவிட்டு வந்தது. பிறகு விடாமல் வந்தது. காது ஒருமுறை திரும்பியது. மகளும் அதைப் பார்த்தாள். அவள் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்த வேகத்தில் நான் மல்லாக்க விழுந்தேன். நான் விழுந்ததும் மான் எழுந்ததும் ஒன்றாக நடந்தன.

நாலு காலும் விரிய நின்றது. முன்னங்கால் மடங்கி விழுந்து மறுபடி எழுந்தது. எங்களைப் பார்த்தது. வாயைத் திறந்தது. கத்தியதா என்று எனக்குத் தெரியாது, ஆனால் முழுதாகத் திறந்தது. பிறகு ஓடையின் மறுகரையில் ஏறி, ஓடாமல், நடந்தே மரங்களுக்குள் போயிற்று.

மகள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கைமுழுக்க ரத்தமும் புழுவும் மருந்தும். அந்தக் கையாலேயே என் வேட்டியை விலக்கித் தொடைக்காயத்தைப் பார்த்தாள்.

"தையல் வேணாம். டிடி ஊசி போட்டுக்கினா போதும்" என்றாள். பிறகு, "கை காட்டினப்போ நடுங்கிச்சே, பயமா?" என்றாள்.

"ஆமா."

"எனக்கும்."

திரும்பும் வழியில் ரேணிகுண்டாவில் ஒரு டிபன் கடையில் இறங்கினோம். எங்கள்மேல் அடித்த வாடைக்குப் பக்கத்து மேசைக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார். மகள் ஒரு தட்டு இட்லி, பிறகு ஒரு தோசை, பிறகு மறுபடி இட்லி தின்றாள். கடைக்காரர் என் கிழிந்த வேட்டியைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டார். மான் வேட்டைக்குப் போய் வந்தோம் என்று உள்ளதைச் சொன்னேன். கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. "அப்படி சொல்லாதீங்க சாமி, கேஸு ஆயிடும்" என்றார் அவர். மகள் சாம்பார் புரையேறும்வரை சிரித்தாள்.

அறுப்பு முடிந்த பிறகு வாட்சர் அவளுக்குப் போன் செய்தார். மலைக்குள் தண்ணீர்த் தொட்டியருகே அதைப் பார்த்தாராம். கன்னத்தில் தழும்பு, அதை வைத்துத்தான் அடையாளம். புல் மேய்கிறது, இன்னொரு கொம்பனோடு முட்டிக்கூடப் பார்க்கிறதாம். மகள் அவரை அந்தக் கடைசிப் பகுதியை மறுபடி சொல்லச் சொல்லி, போனை என் காதருகே பிடித்தாள்.

அதற்குள் நான் நகரிக்குத் திரும்பியிருக்கவேண்டும். பையைக்கூடக் கட்டிவைத்திருந்தேன். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது அவள் வண்டிச்சாவியோடு வாசலில் நின்றாள்.

"சந்திரகிரி பக்கம் ஒரு எருமைக்குக் கன்னு குறுக்கால மாட்டிக்கினு கீதாம். கூட வர்ற ஆளு இன்னும் வரல. நல்லா இழுக்கணும். வரியா?"

பையை உள்ளே வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.